அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறதா? சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் தடவை சிறுநீரில் ரத்தம் போனபோது எனக்குத் துளியும் வலி இல்லை. சித்திரை வெயில். ‘உடம்புச் சூடு’ என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு இளநீர் குடித்தேன், ஊறவைத்த வெந்தயம் விழுங்கினேன், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மூன்றாம் நாள் நிறம் தெளிந்துவிட்டது. ஆவணியில் மறுபடி வந்தபோது ரத்தம் கட்டிகட்டியாக வந்தது. வலியில்லாமல் வந்து, தானாகவே நின்றும் போகும் ரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் மிகப் பொதுவான முதல் அறிகுறி என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இது எனக்குச் சிகிச்சையின் இரண்டாவது ஆண்டு. மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும் நாட்களில் புதிதாக வருகிறவர்களோடு பேசுகிறேன். எத்தனை நாள் எரியும், ராத்திரி எப்படித் தூங்குவது என்ற இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். மனம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்ற மூன்றாவது கேள்வி முகத்தில் தெரியும், வாயில் வராது. ஒன்றுக்குப் போவதைப் பற்றிப் பேச நாம் சிறு வயதிலிருந்தே கூச்சப்பட்டுப் பழகியவர்கள். அந்தக் கூச்சம்தான் இந்த நோயில் வீண் அவதியைக் கூட்டுகிறது. நான் பட்டதையும் மருத்துவர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

முதலில், உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது பையின் உட்பூச்சளவில்தான் இருக்கும், தசைக்குள் இறங்கியிருக்காது. அவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றில் தையல் கிடையாது. பிறகு, நோய் திரும்பி வரும் வாய்ப்பைப் பொறுத்து, பைக்குள்ளேயே மருந்து ஏற்றுவார்கள். தசைக்குள் இறங்கியவர்களுக்குப் பாதை வேறு: கீமோதெரபி, பையையே எடுக்கும் அறுவைச் சிகிச்சை, அல்லது கதிர்வீச்சு. நான் முதல் வகை. எனவே கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த வகையினருக்கானது. மனசைப் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

மருந்துக் கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நாற்பது பக்க நோட்டு போதும். கூடவே மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று. நாளுக்கு ஒரு பக்கம்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி, எரிச்சல் பத்துக்கு எத்தனை, நிறம் என்ன, துணியில் கசிந்ததா, என்ன குடித்தீர்கள்.

‘அடிக்கடி போகிறது டாக்டர்’ என்று நான் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் ‘சரியாகிவிடும்’ என்ற பதில்தான் கிடைத்தது. மூன்றாவது முறை நோட்டைத் திறந்து காட்டினேன்: பகலில் பதினாறு தடவை, இரவில் ஏழு, ஒவ்வொரு தடவையும் ஐம்பது, அறுபது மில்லிதான். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கங்களையும் படித்தார். சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார், பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை எழுதினார். வாயால் சொன்னபோது அது புலம்பலாகக் கேட்டிருக்க வேண்டும். எண்ணாகக் காட்டியபோது நோயாகத் தெரிந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நோட்டில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் அடிக்கடி நீர் பிரியும். எல்லாப் பழியையும் புற்றுநோய் மேல் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டியைச் சுரண்டி எடுத்த பின்

ஒன்றிரண்டு நாள், சிலருக்குக் கூடுதலாக, சிறுநீரை வெளியே வடிக்கும் கதீட்டர் டியூப் இருக்கும். டியூப் இருக்கும்போதே முட்டிக்கொண்டு வருவதுபோல் தோன்றும். பை தன்னுள் இருக்கும் டியூபைப் பிடித்து இறுக்குவதால் வருவது அது. முக்கினால் வலி கூடும். மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு நர்ஸைக் கூப்பிடுங்கள், அதற்கு மருந்து உண்டு.

வீட்டுக்கு வந்தபின் நீர் வெளிறிய ரோஜா நிறத்தில் சில நாள் போகும், பிறகு தெளியும். பத்து நாள், இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று மறுபடி சிவக்கலாம். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும் காலம் அது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் ஒரு ராத்திரி முழுவதும் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக் கிடந்தேன். தண்ணீர் கூடக் குடித்தால் ஓரிரு நாளில் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலும், கெட்டியாகிக்கொண்டே போனாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த நாட்களில் கனமான குடம், சிலிண்டர் எதையும் தூக்கக்கூடாது. மலச்சிக்கல் ஆகக்கூடாது. முக்கினாலும் ரத்தம் வரும், நிறைந்த குடல் பையையும் அழுத்தும். வாழைப்பழம், கீரை, தேவைப்பட்டால் மலமிளக்கி.

பி.சி.ஜி. ஏற்றும் நாள்

பிறந்த குழந்தைக்கு இடது கையில் போடுகிறார்களே, அதே பி.சி.ஜி. கிருமிதான். அதைப் பைக்குள் ஏற்றிப் புற்றுநோயை அடக்கலாம் என்று கனடாவில் ஆல்வரோ மொராலஸ் குழுவினர் 1976இல் எழுதினார்கள். இன்றும் உட்பூச்சில் வரும் தீவிர வகைக்கு அதுதான் முதன்மையான மருந்து. முதலில் வாரம் ஒன்றாக ஆறு வாரம். பிறகு பராமரிப்புக்காகக் குறித்த மாதங்களில் மூன்று மூன்று வாரம், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை.

‘டி.பி. இனத்துக் கிருமி’ என்று கேள்விப்பட்டதும் என் வீட்டில் பயம் புகுந்தது. சம்பந்தி வீட்டார் வந்தபோது எனக்குத் தனித் தட்டு வைத்தார்கள். என் மனைவிதான் தன் கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டி, “இதுவும் அதே மருந்துதானே? கிண்டியில் 1948லிருந்து இதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது” என்று சொல்லித் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். கவனம் வேண்டியது சிறுநீரில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று காலை காபி, டீ வேண்டாம். ஏற்றுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பை சீக்கிரம் நிரம்பினால் மருந்தைப் பிடித்து வைக்க முடியாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று அதை எப்போது சாப்பிடலாம் என்று முந்தைய வாரமே கேட்டு வையுங்கள். காய்ச்சல், நீர்த்தாரைத் தொற்று, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். அன்று ஏற்றுவது ஆபத்து, தள்ளிப் போடுவார்கள். நாள் தள்ளிப் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் டியூப் போடும்போது ரத்தம் கசிந்தால்கூட அன்று நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் சரியான முறை. உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலக்கக்கூடாது.

மெல்லிய டியூப் வழியாக ஐம்பது மில்லி. ஐந்து நிமிட வேலை. “ஐயா, வாயைத் திறந்து மூச்சை விடுங்கள், விடும்போது உள்ளே போய்விடும்” என்று அந்த நர்ஸ் சொன்னது இன்றும் எனக்கு உதவுகிறது. மூச்சை அடக்கினால் தசை இறுகி வலிக்கிறது. டியூபை எடுத்தபின் இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். முதல் மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் அடிவயிற்றில் கடுகடுவென்று தொடங்கும். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்த படுக்கையில் முதல் வாரம் படுத்தேன். ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரம் போலப் போனது. அடுத்த வாரம் கடிகாரம் தெரியாத படுக்கையைக் கேட்டு வாங்கினேன். காதில் பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் முடியாமல் ஒன்றே முக்காலில் எழுந்து போனால் குடி முழுகிவிடாது. எத்தனை நிமிடம் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கழிவறையில் ஆறு மணி நேரம்

மருந்து ஏற்றியபின் முதல் ஆறு மணி நேரம் சிறுநீரில் உயிருள்ள கிருமி வெளியேறும். ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், தெறிக்கக்கூடாது. நம் ஊர்க் குந்தும் கழிப்பறையில் தெறிக்கத்தான் செய்யும். மேல்நாட்டுக் கழிப்பறை வீட்டில் இல்லாவிட்டால், நடுவில் பாத்திரம் வைத்த கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போனதும், தண்ணீர் விடும் முன்பு, சிறுநீரின் அளவுக்கு ஏறக்குறையச் சமமாகத் திரவ பிளீச்சை அதில் ஊற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் விட்டுப் பிறகு தண்ணீர் அடியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆசிட் கலந்த கழிவறைக் கிளீனரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். விஷ வாயு கிளம்பும். முந்தின நாள் கிளீனர் போட்டிருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி வையுங்கள். கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறுநீர் பட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். தாம்பத்திய உறவை இரண்டு நாள் தள்ளி வையுங்கள், பிறகும் சிகிச்சைக் காலம் முழுவதும் ஆணுறை. இதைக் கேட்க வெட்கப்பட்டு மாதக்கணக்கில் கட்டிலைப் பிரித்துப் போட்டுக்கொண்ட ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். அவ்வளவு தேவையே இல்லை.

எரியும் இரண்டு மூன்று நாட்கள்

சில மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வைக்கும். லேசான காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு, கொஞ்சம் ரத்தம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். உடம்பின் காவல் அணுக்கள் பைக்குள் திரண்டு வந்து போரிடுவதால் வரும் வீக்கம் அது. எனக்கு இது தெரிந்தபின் எரிச்சலின் பொருளே மாறியது. அதற்காக, எரியாதவர்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. வாரம் ஏற ஏற எரிச்சல் கூடுவது வழக்கம். நான்காவது வாரம் கடினம் என்று முன்பே தெரிந்தால் மனம் தயாராகும்.

நீரைக் குறைத்தால் எரிச்சல் குறையும் என்று தோன்றும். நேர்மாறு. கெட்டியான சிறுநீர்தான் பையை அதிகம் உறுத்தும். இரண்டு மணி நேரம் முடிந்ததும் தாராளமாகக் குடியுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பார்லித் தண்ணீர், நீர்மோர், வெறும் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொண்டன. காபி, டீ, சோடா பானங்கள், எலுமிச்சை, புளிக்காரக் குழம்பு, மிளகாய்த் தூக்கலான கறி, மது இவை பலருக்கு எரிச்சலைக் கூட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி வாழ்க்கையைச் சப்பென்று ஆக்கிக்கொள்ள வேண்டாம். நோட்டைப் பார்த்து எது உங்களை வதைக்கிறதோ அதை விடுங்கள். எனக்கு எதிரி காலை ஃபில்டர் காபி. அதை விட்டதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பாராசிட்டமால், பை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரைகள், நீர்த்தாரையை மரக்க வைக்கும் மாத்திரை எல்லாம் உண்டு. அவற்றில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். பை தளர்த்தும் மாத்திரைகளில் சில வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், முதியவர்களுக்குக் குழப்பம் தரும், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு நீரையே அடைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லி ஆன்டிபயாடிக் வாங்குவது அதைவிடக் கெடுதல். சில ஆன்டிபயாடிக்குகள் ஏற்றிய பி.சி.ஜி.யையே பலவீனமாக்கும். நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம் குடிக்கிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைப்பதில்தான் ஆபத்து.

எரிச்சல் அடங்கிய நாட்களில், ‘இப்போதே’ என்ற அவசரம் வரும்போது ஓடாதீர்கள். ஓடினால் கசியும். அப்படியே உட்கார்ந்து, வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அதே தசையை ஐந்தாறு முறை சுருக்கி விடுங்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள். அவசரம் அலைபோல ஏறித் தணியும். தணிந்தபின் நடந்து போங்கள். வாரத்துக்குக் கால் மணி நேரமாக இடைவெளியை நீட்டலாம். மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாளில் இந்தப் பயிற்சி வேண்டாம். அப்போது வந்ததைப் போய்விட வேண்டியதுதான்.

இரவும் வெளியூரும்

குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பகலிலேயே முடித்துவிட்டு, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் குறையுங்கள். கால் வீங்குகிறவர்கள் மாலையில் அரை மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால், அந்த நீர் தூங்கும் முன்பே இறங்கிவிடும். படுக்கும் முன் ஒரு தடவை போய், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை போங்கள். கட்டிலருகே யூரின் கேன், வழியில் சின்ன விளக்கு. தூக்கக் கலக்கத்தில் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பு முறிந்தால் அது இன்னொரு பெரிய நோய். மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டால் நனைந்தாலும் உருவி எறிந்துவிட்டுப் படுக்கலாம்.

பஸ்ஸைவிட ரயில் நல்லது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. பையில் மாற்று வேட்டி, இரண்டு பேடு, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவர், சோப்பு. முதன்முதலில் பேடு வைத்துக்கொண்ட அன்று கண்ணாடி முன் நின்று அழுதேன். அன்று மாலை ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு கல்யாண வரவேற்பில் முழுதாக உட்கார்ந்திருந்தேன்.

எப்போது உடனே ஓட வேண்டும்

101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், இரண்டு மூன்று நாள் கடந்தும் தணியாத எரிச்சல், விட்டுவிடாத இருமல், மூட்டு வீக்கம், கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் ‘பி.சி.ஜி. ஏற்றியிருக்கிறேன்’ என்ற சொல்லோடு போங்கள். உள்ளூர் மருத்துவருக்கு அது தெரிந்தால்தான் சரியாக யோசிப்பார். ரத்தக்கட்டி அடைத்து நீரே இறங்காமல் அடிவயிறு கல்லாகிவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீமோ நடக்கிறவர்களுக்குக் காய்ச்சல் என்றாலே அவசரம்.

மனசு

இதை உடம்புக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன், ஆனால் இது பின்னால் வருவதில்லை. கூடவே வருகிறது.

எனக்கு முதலில் வந்தது கோபம். சாம்பாரில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளினேன். ஏழு தடவை எழுந்த இரவுக்கு அடுத்த நாள்தான் அப்படி நடக்கிறது என்பதை நோட்டைப் புரட்டியபோது மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு மோசமான இரவு என்றால் காலையிலேயே “இன்று என்னிடம் பேச வேண்டாம்” என்று சொல்லிவிடுவேன். பகலில் ஒரு மணி நேரம் தூங்குவேன். தூக்கம் கெட்ட மனத்தைக் குணக்கேடு என்று நினைத்துவிடக்கூடாது.

அடுத்தது குற்ற உணர்வு. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். புகைதான் இந்த நோயின் பெரிய காரணம். புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீராக வடிந்து பையில் மணிக்கணக்கில் தங்குகிறது. பிடித்துக்கொண்டிருந்தால் இன்றே விடுங்கள், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்க உங்கள் கையில் இருக்கும் வழி அது. ஆனால் ‘நானே தேடிக்கொண்டேன்’ என்று தினமும் தன்னைச் சவுக்கால் அடித்துக்கொள்வதால் ஒரு செல்லும் சாகாது. சாயப் பொருட்களோடு வேலை செய்தவர்களுக்கும் வருகிறது, புகையே தொடாதவர்களுக்கும் வருகிறது.

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம், ஆனால் ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். கசிந்ததை, பயந்ததை, சாவைப் பற்றி நினைத்ததை. என் வரையில் அது மனைவியாக இருக்கவில்லை. அவளுக்கே தாங்க ஆள் தேவைப்பட்டது. என் பால்ய நண்பனிடம் சொன்னேன். மாலை நடையில் அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, வழியில் எங்கே கழிவறை இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமாக நடந்தான். உடனிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: ‘மறுபடியுமா?’ என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதையும் காய்ச்சலைப் போலவே மருத்துவரிடம் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. நீங்கள் சிகிச்சை பெறும் இடத்திலும் உளவியல் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், அழையுங்கள்.

மூன்று மாதப் பரிசோதனை

பைக்குள் விளக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு முந்தின வாரம் வயிற்றைப் பிசையும். எல்லோருக்கும் பிசையும். நான் அந்த வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை. கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தனியாகப் போவதில்லை. பயத்தில் மருத்துவர் சொல்வது பாதி காதில் விழாது, கூட வருகிறவர் எழுதிக்கொள்ள வேண்டும். மரத்துப்போக ஜெல்லி வைத்தபின் சில நிமிடம் கொடுத்துப் பிறகு தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். திரை உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் பாருங்கள். என் பையின் உட்சுவரை முதன்முதலாகப் பார்த்தபோது, மெல்லிய நரம்போடிய இளஞ்சிவப்பில், பழைய தழும்பு ஒன்று மட்டும் வெளுத்துத் தெரிந்தது. “அதுதான் ஐயா, நாங்கள் சுரண்டிய இடம்” என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒன்றிரண்டு நாள் எரியும், கொஞ்சம் சிவக்கலாம். நோட்டில் அடுத்த தேதியை எழுதிவிட்டுப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள்.